விக்கம் கள்ளனா?

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு வருகிறவர்கள் சோற்றுப் பார்சலோடு ஏதாவது ஒரு புத்திமதியும் கொண்டு வருவார்கள். எனக்கு அதிகமாகக் கிடைத்தது, அவள் ஓடித் திரிந்த இடங்களுக்குக் கொஞ்சக் காலம் போகாதே என்பது. மாமி சொன்னார், மேல்மாடியில் இருப்பவர்கள் சொன்னார்கள், என்னோடு படிப்பிக்கும் ஆசிரியைகளும் சொன்னார்கள். "ஏன் பிள்ளை புண்ணைக் கிளறுறீர்?" என்று மாமி கேட்டபோது அவருடைய குரலே உடைந்துபோய்த்தான் இருந்தது, அதனால் நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவுக்கு இப்போதும் போய் வருகிறேன். ஆறுதலுக்குப் போகிறாள் பாவம் என்று நினைத்துக்கொண்டு பிறகு ஒருவரும் தடுக்கவில்லை. உண்மையில் அங்கே எனக்கு ஆறுதல் ஒன்றும் கிடைப்பதில்லை. அங்கே போனால் மகளோடு சண்டை பிடிக்கலாம். அதற்குத்தான் போகிறேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் அவளுடைய படம் மாட்டியிருக்கிறது. பாடசாலையில் எடுத்த படம். இரட்டைப் பின்னல், வெள்ளைச் சட்டை, வாயை மூடிக்கொண்டு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு அவளுடையதே இல்லை. பல்லைக் காட்டாதே என்று படம் பிடித்தவர் சொல்லியிருக்க வேண்டும். படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் அதைப் பார்த்து, "என்ன அமைதியான பிள்ளை, தெய்வக் குழந்தை" என்பார்கள். அமைதியா! ஒரு தோடம்பழத்தை வெட்டினால் எந்தப் பாதி பெரியது என்று அரை மணித்தியாலம் வாதாடுகிறவள். கடைசியில் தராசு கேட்பாள். இறந்துபோன பிள்ளையைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டார்கள், அது மரியாதைதான். ஆனால் அந்த மரியாதையிலேயே எங்கள் மகள் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் படத்திலுள்ள பிள்ளையாக மாறிக்கொண்டு வந்தாள். சின்னப் பிள்ளை என்று சடங்குகளையும் சுருக்கித்தான் செய்தார்கள். 31ஆம் நாள் சடங்கு முடிந்த பிறகு, விளக்குக்கு எண்ணெய் விடுவதைத் தவிர அவளுக்காகச் செய்ய வீட்டில் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

ஹெனரத்கொட என்றால் கம்பஹா. கொழும்பிலிருந்து கண்டி வீதியால் பஸ்ஸிலும் போகலாம், அவளுக்கு ரயில்தான் வேண்டும். வெள்ளவத்தையில் ஏறி மருதானையில் மாறினால் கம்பஹா வரைக்கும் ஒவ்வொரு நிலையமும் அவளுக்கு மனப்பாடம். ஹுணுப்பிட்டிய, எண்டேரமுல்ல, ஹொரப்பே, ராகம, வல்பொல, பட்டுவத்த என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவாள். சிங்கள ஆட்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். புலுகஹகொட என்ற பெயர் வரும்போது தனியாக ஒரு இராகம் போடுவாள்.

கரையோரப் பாதையில் கோட்டைக்கு முன்னால் கொம்பனித்தெரு நிலையம் வரும். அங்கே நான் அவளுக்கு ஒரு பாடம் நடத்துவேன். 1810 இல் வெள்ளைக்காரர் இலங்கையில் தாவரவியல் தோட்டம் போட்டது அந்தப் பகுதியில்தான். இலண்டனில் உள்ள தோட்டத்தின் பெயரையே எடுத்து அதற்கும் கியூ என்று வைத்தார்கள். தோட்டம் போய்விட்டது, கியூ வீதி மட்டும் இன்னும் இருக்கிறது. 1813 இல் தோட்டத்தைக் களுத்துறைப் பக்கம் கொண்டு போனார்கள், 1821 இல் பேராதனைக்கு. "மரங்களை எப்பிடி அம்மா வீடு மாத்துறது?" என்று கேட்டாள். நாங்களும் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வாடகை வீடு மாறி வந்தவர்கள், அதனால் அவளுக்கு அது நியாயமான கேள்வி. அலுமாரியை மாடிப்படியால் இறக்கப் பட்ட பாட்டை அவள் பார்த்திருக்கிறாள்.

பேராதனைக்கும் ஒருமுறை கூட்டிப் போனோம். அது பெரிய இடம், மகாவலி மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது, வௌவால்கள் மரம் நிறையத் தொங்குகின்றன. அவளுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வான் பிடித்து வந்த சொந்தக்காரரோடு ஓட வேண்டியிருந்தது, நிலத்தைப் பார்த்து நடக்க நேரமில்லை. அவளுக்கு மரத்தைவிட மரத்தின் அடிதான் முக்கியம். விதை, சருகு, விழுந்த காய், எறும்பு. ஹெனரத்கொடவில் அவசரப்படுத்த ஆளில்லை. ஞாயிறு காலையில் குடைகளுக்குக் கீழே காதலர்கள் இருப்பார்கள், ஒன்றிரண்டு பாடசாலை வான்கள் வரும், அவ்வளவுதான்.

அவள் நேராகப் போவது றப்பர் மரங்களிடம்.

நான் வர்த்தகம் படிப்பிக்கிறவள். றப்பர் என்றால் எனக்குத் தேயிலைக்கும் தெங்குக்கும் நடுவில் வரும் ஒரு சொல். ஏற்றுமதிப் பயிர்கள் மூன்று, எழுதிக்கொள்ளுங்கள் பிள்ளைகள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்த கதையை என் மகள்தான் எனக்குப் படிப்பித்தாள். அவள் பாடசாலைச் சுற்றுலாவில் அங்கே போய்வந்த நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை.

கதை இதுதான். றப்பர் மரம் அமேசன் காட்டு மரம். 1876 இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலில் தபஜோஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து சுமார் 70,000 விதைகளைக் கப்பலில் ஏற்றி இலண்டனுக்குக் கொண்டுபோனார். கியூ தோட்டத்தில் விதைத்தார்கள். முளைத்தது ஏறக்குறைய 2,700 மட்டும். மற்றதெல்லாம் செத்த விதை. றப்பர் விதைக்குப் பொறுமை கிடையாது, விழுந்து சில கிழமைக்குள் மண்ணுக்குப் போகாவிட்டால் முளைக்காது. முளைத்ததில் சுமார் 1,900 கன்றுகளை, கண்ணாடி பூட்டிய மரப்பெட்டிகளில் வைத்து இலங்கைக்கு அனுப்பினார்கள். பேராதனை றப்பருக்குக் குளிர்ந்த இடம், ஈரமும் வெக்கையும் உள்ள தாழ்நிலம் வேண்டும் என்று கம்பஹாவில் இந்தத் தோட்டத்தை அதற்காகவே தொடங்கினார்கள். ஆசியாவின் றப்பர்த் தோட்டங்கள் பெரும்பாலும் அந்த விதைகளோடுதான் தொடங்குகின்றன. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி என்று பரவிய றப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டக் கொண்டுவரப்பட்டவர்கள் எங்கள் ஆட்கள். அது பூங்காவின் பலகைகளில் எழுதக்கூடிய அளவுக்குச் சின்ன விஷயமில்லை.

இந்தக் கதையில் மகளுக்கும் எனக்கும் இடையில் வழக்கு வந்தது. "கேக்காம எடுத்தா களவுதானே அம்மா?" என்றாள்.

நான், அந்தக் காலத்தில் பிரேசிலில் றப்பர் விதை ஏற்றுமதியைத் தடுக்கும் சட்டம் இருக்கவில்லை, சட்டம் இல்லாதபோது களவு இல்லை என்றேன். வர்த்தக ஆசிரியை வேறு என்ன சொல்வாள்? "அப்ப நீங்க என்ர பென்சிலை எடுக்கக் கூடாதெண்டு சட்டம் இருக்கா?" என்றாள். நான் விடவில்லை. விக்கம் எடுக்காவிட்டால் உலகத்துக்கு இவ்வளவு றப்பர் கிடைத்திருக்காது, பிரேசிலில் வரிசையாக நட்டால் ஒரு பங்கசு வந்து இலைகளையெல்லாம் உதிர்த்துவிடும், கார்க் கம்பனி ஹென்றி ஃபோர்டே 1928 இல் அங்கே பெரிய தோட்டம் தொடங்கித் தோற்றுப்போனார் என்று சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தாள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

"அது பிறகு நடந்தது. எடுக்கேக்க விக்கமுக்கு அது தெரியாதே."

எனக்கு இதற்கு இன்றுவரை பதில் இல்லை.

விதைக் காலத்தில் போனால் வழக்கு ஒத்திவைக்கப்படும். றப்பர்க் காய்க்கு மூன்று அறை, அறைக்கொரு விதை. நல்ல வெயிலில் காய் காய்ந்து 'டக்' என்று வெடித்து விதைகளைத் தூர எறியும். அவள் கையைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பாள், சத்தம் கேட்டதும் ஓடுவாள். மண்ணிறத்தில் புள்ளி புள்ளியாக மினுங்கும் விதைகள். அதைச் சீமெந்தில் உரசினால் சூடேறும் என்பது இந்த நாட்டில் படித்த எல்லாருக்கும் தெரியும். உரசி உரசி அப்பாவின் கையில் வைப்பாள், அவர் துள்ளுவார். ஒவ்வொரு முறையும் ஏமாறுவார், அல்லது ஏமாறுகிற மாதிரி நடித்தார், கேட்டால் சொல்ல மாட்டார்.

நோய்க் காலத்தைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. இரத்தப் புற்றுநோய். ஒரு காய்ச்சலில் தொடங்கியது, காலில் நீலம் நீலமாக வந்தது, பிறகு வைத்தியசாலை. இரத்தம் எடுக்கும்போது கையில் கட்டும் றப்பர் வாரைப் பார்த்து, "மிஸ், இது முதலில கம்பஹாக்குத்தான் வந்தது" என்று தாதிக்குச் சொன்னாள். தாதிக்குத் தமிழ் தெரியாது, நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் தன்னுடைய கையுறையைக் காட்டி "இதுவுமா?" என்று கேட்டார். அன்றைக்கு ஊசிக்கு அழவில்லை, கையுறை எப்படிச் செய்கிறார்கள் என்று விளக்குவதில் மறந்துவிட்டாள்.

அவளுக்கு ஏற்றிய மருந்துகளில் ஒன்று வின்கிறிஸ்டின். அது பட்டிப்பூச் செடியிலிருந்து எடுப்பது. நித்தியகல்யாணி என்றும் சொல்வார்கள், வேலியோரத்திலும் சுடலையிலும் ரோசாவும் வெள்ளையுமாகப் பூக்குமே, அதே செடி. ஜமெய்க்காவில் நீரிழிவுக்கு இதன் இலையை அவித்துக் குடிப்பார்கள் என்று கேள்விப்பட்டு, கனடாவில் இரண்டு பேர் ஆராயத் தொடங்கினார்கள். சீனி குறையவில்லை, எலிகளின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அப்படித்தான் முதல் மருந்தைப் பிரித்தெடுத்து 1958 இல் அறிவித்தார்கள், கொஞ்சக் காலத்தில் வின்கிறிஸ்டினும் வந்தது. ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். இப்படிப்பட்ட மருந்துகள் வருமுன்னர் இந்த நோய் வந்த பிள்ளைகளில் அநேகமாக ஒருவரும் பிழைக்கவில்லை. இப்போது வசதியுள்ள நாடுகளில் பத்துப் பேரில் ஒன்பது பேர்வரை பிழைக்கிறார்கள். இங்கேயும் அவளோடு ஒரே வார்டில் இருந்த பிள்ளைகள் இன்று பாடசாலைக்குப் போகிறார்கள். அவர்களைக் காலி வீதியில் கண்டால் எனக்குச் சந்தோசம்தான். அந்தச் சந்தோசத்தோடு வேறு ஒன்றும் வரும், அதற்கு நல்ல பெயர் இல்லை.

பட்டிப்பூவைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். எங்கள் ஒழுங்கையிலேயே அந்தச் செடி நிற்கிறது என்றதும் பார்க்க வேண்டும் என்றாள். விடவில்லை. வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் பூ, மண், தொட்டிச்செடி எதுவும் வரக் கூடாது, மண்ணிலுள்ள பங்கசு போதும் காய்ச்சலைக் கொண்டுவர. மரத்தடியிலேயே வளர்ந்த பிள்ளைக்கு மண்ணைத் தடுத்தார்கள். காரணம் சரியானது, நான் யாரையும் குறை சொல்லவில்லை. அவள்தான் சொன்னாள்.

அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். றப்பர்க் கன்றுகள் வந்த அந்தக் கண்ணாடிப் பெட்டிகள் வார்ட் என்ற இலண்டன் வைத்தியரின் கண்டுபிடிப்பு. புழு வளர்க்க மூடி வைத்த போத்தலுக்குள் பன்னம் ஒன்று முளைத்ததைப் பார்த்தவர், மூடிய கண்ணாடிக்குள் செடி தன்னுடைய ஈரத்தைத் தானே திரும்பக் குடித்து வாழும் என்று பிடித்துக்கொண்டார். "போத்தல் மூடியிருந்தா பங்கசு வெளியில வராது தானே?" என்றாள். அப்பா ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் மண்போட்டு, மதிலில் முளைத்திருந்த பன்னத்தைப் பிடுங்கி வைத்து, மூடியைப் பூட்டி, சுற்றிவர ஒட்டுப் பட்டியும் ஒட்டிக் கொண்டுபோனார். தாதி சிரித்தார், ஆனால் உள்ளே விடவில்லை. மகள் கடுமையாக வாதாடினாள். வார்ட் என்ற பெயரெல்லாம் சொல்லிப் பார்த்தாள். தோற்றுவிட்டாள். போத்தல் வீட்டு ஜன்னலுக்கு வந்தது. பன்னம் இன்னும் உயிரோடிருக்கிறது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன், எழுதினால் கதை மாதிரி ஆகிவிடும்.

அவள் போன பிறகு முதல் தடவை கம்பஹாவுக்குத் தனியாகத்தான் போனேன். அவர் வரவில்லை. "நீர் போயிட்டு வாரும்" என்று ரயிலுக்குக் காசை மட்டும் எடுத்து வைத்தார். ரயிலில் நிலையங்களின் பெயர்களை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், ராகமவுக்குப் பிறகு வரிசை குழம்பிவிட்டது. பூங்காவில் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிள்ளை இல்லாமல் ஒரு நடுத்தர வயதுப் பெண் மரத்தடியில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது பார்க்கிறவர்களுக்கும் விசித்திரம்தான். ஒருவர் வந்து ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார்.

சருகு கூட்டும் அம்மா ஒருவர் எங்களைத் தெரிந்தவர். ஈர்க்குமாற்றை நிறுத்திவிட்டு, "துவ கோ?" என்றார். மகள் எங்கே என்று கேட்கிறார். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் பழைய இடங்களுக்குப் போகாமல் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே வரம்பில் இருந்துவிட்டார். என்ன நோய், எத்தனை வயது, வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். வேறு இல்லை என்றேன். அப்புறம் தன்னுடைய முழங்கையைத் தடவிக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்: "அவள் என் கையைச் சுட்டவள். இஞ்ச. நான் குனிஞ்சு கூட்டிக்கொண்டிருக்கேக்க பின்னால வந்து வச்சவள். குழப்படிக்காரி!" சொல்லும்போது கொஞ்சம் கோபமாகவே இருந்தார், சூடு இப்போதுதான் பட்டது என்பது போல.

எனக்குச் சிரிப்பு வந்தது. கட்டுப்படுத்த முடியாத சிரிப்பு. எத்தனையோ பேர் வீட்டுக்கு வந்தார்கள், ஒருவரும் அவள்மேல் ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. இந்தப் பெண்தான் முதல் ஆள். குழப்படிக்காரி! அன்றைக்குக் கம்பஹாவிலிருந்து திரும்பும்போது அழுதேன்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் படத்திலிருந்த பிள்ளைக்காக அழவில்லை. விதையை உரசிக்கொண்டு பூனை மாதிரி நடந்து போகிற, பிடிபட்டால் நான் இல்லை என்று சத்தியம் பண்ணுகிற பிள்ளைக்காக அழுதேன். வலி கூடத்தான். மாமி சொன்னது சரி, புண் கிளறப்பட்டது. ஆனால் புண்ணுக்குள் இருந்தது என்னுடைய பிள்ளை.

அதன் பிறகு போகும்போதெல்லாம் வழக்கை நடத்துகிறேன். றப்பர் மரத்தடியில் நின்று என் பக்கத்து வாதத்தைச் சொல்வேன், அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிப்பேன். யோசித்துப் போதாமல் தேடி வாசிக்கவும் தொடங்கினேன். விக்கமுக்கு 1,000 விதைக்கு 10 பவுண் பேசியிருந்தார்கள். காட்டுக்குள் போய் விதை பொறுக்கியதும், வாழையிலை விரித்துக் கூடைகளில் அடுக்கியதும் அங்கேயிருந்த பழங்குடி மக்கள். விக்கமுக்கு 1920 இல் சேர் பட்டம் கொடுத்தார்கள். கூடை கட்டியவர்களின் பெயர்கூட ஒன்றும் இல்லை. இது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே என்னை மடக்கியிருப்பாள். அவளுடைய பக்கத்துக்கு நானே சாட்சி தேடிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், இது நீதிமன்றத்தில் நடக்காத காரியம்.

அவரிடம் சொன்னேன். "அவள் முதலிலேயே சொன்னவள்தானே, களவெண்டு" என்றார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். அப்பாவும் மகளும் ஒரே கட்சி என்பது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. ஓகஸ்டில் விதை வெடிக்கும் காலத்துக்குத் தானும் வருகிறேன் என்றிருக்கிறார். வருவாரா பார்ப்போம். ரயிலில் இருக்க இடமில்லாவிட்டால் வர மாட்டேன் என்று இப்போதே நிபந்தனை போடுகிறார்.

போன தவணையில் ஏற்றுமதிப் பயிர்கள் பாடம் வந்தது. தேயிலை, றப்பர், தெங்கு. எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பாடத்தை நிறுத்திவிட்டு விக்கம் கதையைச் சொன்னேன். விதை, கப்பல், பெட்டி, கம்பஹா, 10 பவுண், கூடை எல்லாம். "இது சோதனைக்கு வருமா டீச்சர்?" என்று முன்வரிசையில் ஒரு பிள்ளை கேட்டது. வராது என்றேன். விக்கம் கள்ளனா இல்லையா, கை தூக்குங்கள் என்றேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. கடைசி வாங்கிலிருந்த ஒரு பெடியன் எழும்பி, சட்டம் இல்லையென்றால் களவில்லை என்று நான் ஒருகாலத்தில் சொன்னதை அப்படியே சொன்னான். உடனே ஒரு பெண்பிள்ளை கதிரையில் ஏறி நின்று, "அப்ப உன்ர சைக்கிளை நான் எடுக்கட்டா?" என்று கத்தினாள். மேசையெல்லாம் அடிபட்டது. பக்கத்து வகுப்புக் கணித ஆசிரியர் என்ன கலவரம் என்று கதவடியில் வந்து நின்றார். அவரையும் வாக்குப் போடச் சொன்னார்கள்.